ஊக் பிரபுவின் பேரன்

ஜனவரி 4

மோன்ரோஷ் கோட்டைக்கு வந்து சேர்ந்தோம். இதை எழுதுகிறவன் வஹ்ராம். ஆர்மீனிய மலைநாட்டுப் பிரபு லிபாரித்தின் மைத்துனன். அவர் மகள் இளவரசி ஷுஷானுக்குத் தாய்மாமன். எழுத்து எனக்கு மடத்தில் வந்தது. இரண்டு குளிர்காலம் படித்தேன். அதற்கு மேல் சொல்லிக்கொடுக்க அவர்களிடம் ஒன்றும் மிச்சமில்லை என்பதால் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஷுஷானுக்குப் பத்தொன்பது வயது. இந்தக் கடற்கரையை ஆளும் பிராங்கு பிரபு கோதியேவுக்கு அவளைக் கட்டிக்கொடுக்கப் போகிறோம். பிராங்குகள் என்றால், சட்டையில் சிலுவை தைத்துக்கொண்டு மேற்கிலிருந்து வந்து, எருசலேமைப் பிடித்த கையோடு நம் பக்கத்திலும் கோட்டை கட்டிக்கொண்டு, திரும்பிப் போக மறந்துவிட்டவர்கள். தவக்கால நோன்புக்கு முன்னால், பிப்ரவரி 12 அன்று கல்யாணம். அன்றைக்கே மலைக்கணவாயில் இருக்கும் நம் சேவ்கார் கோட்டையை லிபாரித் மாப்பிள்ளைக்கு எழுதிக்கொடுப்பார். கணவாய் அவர்களுக்கு, அவர்கள் படையின் காவல் நமக்கு. ஏற்பாடு அப்படி.

ஏழு நாள் பயணம், இடுப்பளவு பனி. வழியில் நாற்பது ஓநாய்கள் மறித்தன. நான் ஒரு அதட்டல் போட்டேன், கலைந்துவிட்டன. அது ஒரு நரி என்கிறாள் ஷுஷான். அவள் பல்லக்குக்குள் இருந்தாள், அவளுக்கு எப்படித் தெரியும்.

எங்களுக்குக் கோபுரத்தில் மூன்றாம் மாடி. ஷுஷானுக்குப் பெரிய அறை, எனக்குப் பக்கத்து அறை. பெரிய அறையில் ஒரே ஜன்னல், அதில் கடல் மட்டும் தெரிகிறது. கல்தச்சனைப் பாராட்ட வேண்டும். மணற்கல் விளிம்பில் முழங்கைகள் வைத்துச் சாய்ந்துகொள்ள இரண்டு பள்ளம் செதுக்கியிருக்கிறான். வாசலில் இரண்டு காவலர்கள். நம் ஊரில் மரியாதைக்கு ஒருவன்தான் நிற்பான்.

ஜனவரி 6

இன்று நமக்குக் கிறிஸ்து பிறப்பு. இவர்கள் அதை டிசம்பரிலேயே முடித்துவிட்டார்களாம். இன்று மூன்று ராஜாக்கள் வந்த நாள் என்று விருந்து வைத்தார்கள்.

மாப்பிள்ளையை முதல்முறை அருகில் பார்த்தேன். என்னைவிட ஏழெட்டு வயது இளையவர், நாற்பத்தைந்து இருக்கும். முன்பே இரண்டு மனைவிகள் இறந்துபோனவர், பிள்ளை இல்லை. அதிகம் பேசுவதில்லை. பேசுவதையும் யல்தோ என்ற சிரியாக்காரக் கிழவன்தான் எங்களுக்கு மொழிபெயர்க்கிறான். நான் பத்து வாக்கியம் சொன்னால் யல்தோ இரண்டு சொல்கிறான். பிராங்கு மொழி அவ்வளவு சுருக்கமானது போலும்.

சாப்பிடும்போது கோதியே தன் தாத்தா ஊக் பிரபுவைப் பற்றிச் சொன்னார். முதல் படையோடு வந்தவராம், அந்தியோக்கியா நகரைப் பிடித்தபோது மதில்மேல் ஏறிய ஒன்பதாவது ஆளாம். மேசையில் எல்லாரும் எங்களைப் பார்த்தார்கள். நம் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கிற பார்வை. ஷுஷான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் தங்கை, இவளைப் பெற்றவள், உயிரோடிருந்து இதைப் பார்த்தால் என்ன நினைப்பாள் என்று தோன்றியது. எழுந்து சொன்னேன்.

"ஊக் பிரபுவ எனக்கும் தெரியும். அவரு எங்க அம்மாவோட அப்பா."

யல்தோ என்னை ஒருமுறை பார்த்தான். "இத அப்படியே சொல்லணுமா ஐயா?"

"ஒரு எழுத்து குறையாம சொல்லு."

சொன்னான். பிறகு கோதியே சிரித்தார், என்னைத் தன் பக்கத்து நாற்காலிக்குக் கூப்பிட்டார், கோப்பையைத் தானே நிரப்பினார். பிராங்கு மொழியில் ஒன்று சொன்னார். பெரியம்மா பிள்ளை, அத்தை பிள்ளை எல்லாருக்கும் அவர்களுக்கு ஒரே சொல்தானாம், அதைச் சொன்னார். மூலையில் இருந்த, கோட்டைக் கோயிலில் பூசை நடத்தும் ஒதோன் பாதிரியார் மட்டும் முட்கள் எடுப்பதை நிறுத்திவிட்டு மீனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இதில் தப்பொன்றுமில்லை. நம் ஊரில் நான் எதைச் சொன்னாலும் பாதியைக் கழித்துக்கொள்வார்கள், மீதிப் பாதி போதுமானதாக இருக்கும்.

ஜனவரி 7

தலைவலி. எங்கள் குதிரைகளைக் கீழ்க்கோட்டை லாயத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். அங்கே வைக்கோல் நன்றாக இருக்கிறதாம்.

ஜனவரி 13

எங்களோடு வந்த இருபது வீரர்களையும் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். தீவனம் போதவில்லை என்று காரணம் சொன்னார்கள். உண்மையில் நான் ஒருவனே இளவரசிக்குப் போதும் என்று கோதியே கணித்திருப்பார். ஆளைப் பார்த்து எடைபோடத் தெரிந்தவர்.

கடற்கரை வரை நடந்துவரலாம் என்று ஷுஷானைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். வாசல் காவலன் ஈட்டியைக் குறுக்கே வைத்தான். வழுக்கும் என்று அக்கறை. மதில்மேல் போய் நின்றுவிட்டு வந்தோம்.

ஜனவரி 19

மழை. யல்தோ வந்து அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்தான். அவனுக்கு ஒரு கண் பால்போல் வெளுத்திருக்கிறது, மற்றது எல்லாவற்றையும் பார்க்கிறது. ஷுஷான் அவனுக்கு உலர்ந்த அத்திப்பழம் கொடுத்துப் பேச்சுக் கொடுத்தாள்.

"முன்னாடி இருந்தவங்க ரெண்டு பேரும் எந்த அறையில இருந்தாங்க?"

"இதே அறைதான் தாயே."

"எத்தன வருஷம்?"

"மூத்தவங்க ஒம்பது. இளையவங்க ஏழு. இளையவங்களோட தாய்வீடு ஒரு நாள் வழிதான். ஒரு தடவ போய்ட்டு வரேன்னு ஏழு வருஷமும் கேட்டாங்க. இப்ப ரெண்டு பேரும் கோயில் தரைக்குக் கீழதான் இருக்காங்க. அங்கயும் பக்கத்துப் பக்கத்துல."

ஷுஷான் ஜன்னல் விளிம்பைத் தடவிப் பார்த்தாள். "இது தச்சன் செதுக்கினது இல்ல, மாமா. தேஞ்சது," என்றாள்.

நான் பேச்சை மாற்றினேன். ஓநாய்க் கதையை யல்தோவுக்குச் சொன்னேன். இப்போது அறுபது ஓநாய்கள் வந்தன. அது முடிந்ததும் ஷுஷான் அவனிடம் வேறொன்று கேட்டாள்.

"இங்க பிராங்குக் கோயில்ல கல்யாணத்துக்கு முன்னாடி உறவு பாப்பாங்களா?"

"பாக்காம என்ன. ஏழு தலைமுறைக்குள்ள ஒரே ரத்தம்னா கூடாது. மீறிக் கட்டினா பொறக்குற புள்ளைக்குக் கோட்டையில உரிமை கிடையாது. பக்கத்துக் கோட்டைக்காரன் வந்து ஒக்காந்துக்குவான்."

"யாரு விசாரிப்பாங்க?"

"ஒதோன் பாதிரியார். பொண்ணு பக்கத்துப் பெரியவர ஒக்கார வெச்சுக் கேட்டு எழுதிக்குவாரு."

இந்தச் சட்டமெல்லாம் எனக்குக் கொட்டாவியை வரவழைக்கும். கண்ணயர்ந்துவிட்டேன்.

ஜனவரி 27

ஷுஷானுக்கு இப்போது என் கதைகளில் ஆர்வம் வந்திருக்கிறது. சிறுவயதில் எழுந்து ஓடிவிடுவாள். இன்று தலை பின்னிக்கொண்டே, "ஊக் பிரபு கதைய மறுபடி சொல்லுங்க மாமா," என்றாள். சொன்னேன்.

"அவரு எப்ப நம்ம மலைக்கு வந்தாரு?"

"வந்தாரு, ஒரு காலத்துல."

"அந்தியோக்கியாவுக்கு அப்புறம் ஒரு குளிர்காலம் முழுக்கக் காய்ச்சல்ல நம்ம மலையில எங்கயோ கெடந்தாராம், யல்தோ சொன்னான். அந்த வருஷமா இருக்குமோ?"

அந்த வருடம்தான் என்றேன். நானே அதைச் சொல்ல வாயெடுத்தேன், அவள் முந்திக்கொண்டாள்.

"அவரு ஒரு மோதிரம் குடுத்திருந்தா நல்லாயிருக்கும் இல்ல?"

"குடுத்தாரு. நீலக்கல்."

"அது எங்க இப்ப?"

"வித்துட்டாங்க."

"திருடு போச்சுன்னா இன்னும் நல்லாயிருக்கும்."

திருடு போனது. கதை இப்போது தேர்போல் நிற்கிறது. இவள் கொஞ்சம் உதவினாள் என்பதையும் சொல்லவேண்டும்.

பிப்ரவரி 1

ஒதோன் பாதிரியார் வந்தார். கையில் தோல்சுருள், மைக்கூடு. மாப்பிள்ளை பக்கம் ஏற்கெனவே ஒரு மரம்போல் வரைந்து, கிளைகளில் பெயர்கள் எழுதிவைத்திருந்தார். பெண் பக்கம் வெறுமையாக இருந்தது. தாய்வழியை நான் சொல்லவேண்டும் என்றார்.

சொல்வதற்கு என்ன தயக்கம். மலை, பனி, காய்ச்சல், ஊக் பிரபு, எங்கள் பாட்டி அவருக்குக் கஞ்சி வைத்தது, நீலக்கல் மோதிரம், அது திருடு போனது, என் தாயின் சாம்பல்நிறக் கண்கள் எல்லாவற்றையும் அடுக்கினேன். பாதிரியார் பேனாவைக் கீழே வைக்காமல் எழுதினார். பிறகு வைத்தார். ஊக் என்ற பெயரில் ஒரு விரலை வைத்தார், அங்கிருந்து கீழே இறங்கி ஒன்று, இரண்டு, மூன்று என்று ஷுஷானில் வந்து நின்றார். அந்தப் பக்கம் இறங்கி ஒன்று, இரண்டு என்று கோதியேவில் நின்றார்.

"ஏழு வரைக்கும் கூடாதுங்கறாரு," என்றான் யல்தோ. "இது மூணு."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. புரிந்தது என்றால், முன்பே தெரியும், இன்று மறுபடியும் தெரிந்தது.

நம் சாமியார்களும் உறவுக் கணக்குப் பார்ப்பவர்கள்தான். ஆனால் அவர்கள் என்னைக் கேட்டுப் பார்ப்பதில்லை. இந்த ஆட்கள் கழித்துக்கொள்ளாமல் எழுதிக்கொள்கிறார்கள். அதுவும் மையில்.

பிப்ரவரி 2

கோதியே வந்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. பாதிரியார்களுக்கெல்லாம் மேலான ஆயரின் பிரதிநிதி ஒருவர் வருகிறாராம். நற்செய்திப் புத்தகத்தின்மேல் கைவைத்து நான் சத்தியம் செய்யவேண்டும். செய்தால் கல்யாணம் இல்லை. விருந்தில் குடித்துவிட்டு உளறினேன் என்று ஒப்புக்கொண்டால் குறித்த நாளில் கல்யாணம்.

அவர் போனபிறகு ஷுஷானிடம் சொன்னேன், "ஒப்புக்கிட்டுடறேன் புள்ள. என்ன பண்ணுவாங்க என்னய?"

"ஒண்ணும் பண்ணமாட்டாங்க. சிரிப்பாங்க."

"அவ்வளவுதானே. எனக்கென்ன சிரிப்பு புதுசா."

"ஆமா. சிரிச்சுட்டு, பன்னண்டாம் தேதி கல்யாணம் பண்ணிவெப்பாங்க."

அவள் ஜன்னலண்டை நின்றிருந்தாள். முழங்கைகளை அந்தப் பள்ளங்களில் வைக்காமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். வந்ததிலிருந்தே அப்படித்தான் நிற்கிறாள் என்பதை இன்றுதான் கவனித்தேன்.

"பொய்ச் சத்தியம் பண்ணினா மண்ணுக்குள்ள நாக்கு கறுத்துப்போகும்னு மடத்துல சொல்வாங்க," என்றேன்.

"தெரியும் மாமா. அதனாலதான் நான் உங்கள ஒண்ணும் கேக்கல."

"கேக்கல?"

"கேக்கமாட்டேன். சத்தியம் உங்களோடது. பாட்டியும் உங்களுக்குத்தான் அம்மா." என் பக்கம் திரும்பினாள். "ஆனா நீங்க அன்னிக்கு விருந்துல எழுந்து நின்னப்ப, இந்த ஊருல எனக்காக ஒருத்தர் எழுந்து நின்னாருன்னு இருந்துச்சு."

நான் ஏதோ பதில் சொன்னேன். நல்ல பதில், பொருத்தமானது. இப்போது ஞாபகமில்லை.

பிப்ரவரி 4

இன்று நம் கணக்கில் புத்தாண்டு, அறுநூற்று முப்பது பிறக்கிறது. இந்தக் கோட்டையில் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. ஷுஷான் வாழ்த்துச் சொன்னாள். நானும் சொன்னேன். வாசலில் இப்போது நான்கு பேர்.

பிப்ரவரி 7

ஒன்றும் எழுதுவதற்கில்லை.

பிப்ரவரி 9

சத்தியம் செய்தேன்.

கோயில் தரை நெடுகக் கல்லறைக் கற்கள். எந்த இரண்டு அந்த மனைவிகளுடையவை என்று தெரியாததால் ஓரமாகவே நடந்தேன். ஆயரின் பிரதிநிதி சளி பிடித்த ஒரு மெலிந்த மனிதர். வெள்ளித்தகடு போட்ட புத்தகத்தை நீட்டினார். கைவைத்தேன். வெள்ளி ஜில்லென்று இருந்தது.

"உன் தாய் யாருடைய மகள்?"

"பிராங்கு பிரபு ஊக்கின் மகள்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அம்மா சொன்னாங்க. சாகும்போது என் கையைப் புடிச்சுக்கிட்டுச் சொன்னாங்க."

மோதிரம், கஞ்சி, காய்ச்சல் எதையும் சேர்க்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாகக் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். யல்தோவும் முதல்முறையாக ஒரு சொல்லையும் விழுங்காமல் மொழிபெயர்த்தான். முடித்தபிறகு அவன் என் பக்கம் திரும்பவில்லை.

அடுத்து ஷுஷானைக் கேட்டார்கள். உனக்கு இது தெரியுமா?

"என் மாமா சொல்லிக் கேட்டிருக்கேன்," என்றாள். எவ்வளவு சரியான பதில்.

பிரதிநிதி மூக்கைத் துடைத்துக்கொண்டு, இந்தத் திருமணம் ஆகாது என்று எழுதி முத்திரை வைத்தார்.

பிப்ரவரி 10

கோதியே என்னைத் தனியாக அழைத்தார். என்னைப் பிரிய அவருக்கு மனமில்லை. ரத்த உறவு இல்லையா. "பெண் போகலாம், நீங்கள் என்னோடு இருக்கவேண்டும்" என்று கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். நான் முதலில் மறுத்தேன். லிபாரித்தின் அரண்மனையில் நான் இல்லாமல் ஒரு காரியமும் நடக்காது என்று விளக்கினேன். அவர் கண்ணீர் விட்டார். சரி என்று இரக்கப்பட்டு ஒத்துக்கொண்டேன்.

இதை ஊரில் படித்துக்காட்ட எழுதினேன். இனி நான் படித்துக்காட்டப் போவதில்லை என்பதால் நடந்ததையும் எழுதிவைக்கிறேன்.

அவர் உட்காரச் சொல்லவில்லை. யல்தோ தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"பிரதிநிதி உங்கள நம்பிட்டாரு, நான் நம்பலங்கறாரு. பொய்னு நிரூபிக்க வழியில்ல, உங்க அம்மாவக் கூட்டிட்டு வரமுடியாது. ஆனா கல்யாணம் இல்லாட்டியும் கணவாய்க் கோட்டை வேணுமாம். அது கைக்கு வர்ற வரைக்கும் ரெண்டு பேர்ல ஒருத்தர் இங்க இருக்கணும். யாருன்னு நீங்களே சொல்லலாமாம்."

"சொந்தக்காரன் வீட்டுல சொந்தக்காரன் தங்கறதுதானே மொற," என்றேன்.

கோதியே வேறொன்று கேட்டார். யல்தோ தயங்கினான்.

"சொல்லு."

"ஒங்க மச்சான் ஒங்களுக்காகச் சேவ்கார் கோட்டையக் குடுப்பாரான்னு கேக்கறாரு."

லிபாரித் எனக்காக ஒரு கழுதையைக் கொடுப்பாரா என்றே யோசிக்கவேண்டும். கோதியேவுக்கும் அது தெரிந்திருந்தது. ஆனாலும் அவரால் வெறுங்கையோடு எழுந்திருக்க முடியாது, ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சங்கடம் எனக்கு நன்றாகப் புரிந்தது. அந்த அளவில் நாங்கள் உறவினர்கள்தான்.

"கண்டிப்பா குடுப்பாரு," என்றேன்.

பிப்ரவரி 12

கல்யாண நாளாக இருந்திருக்கவேண்டியது. காலையிலேயே வெயில் வந்துவிட்டது. கீழே பல்லக்கு காத்திருக்கிறது. ஒதோன் பாதிரியாரும் ஆறு ஆட்களும் எல்லை வரை போகிறார்கள். என்னைப் பெரிய அறைக்கு மாற்றிவிட்டார்கள்.

ஷுஷான் பயண உடையில் வந்தாள். கையை நீட்டினாள்.

"அந்த ஏட்டக் குடுங்க மாமா."

"எந்த ஏடு?"

"நீங்க எழுதறது. நம்ம எழுத்து தெரிஞ்ச ஒரு வியாபாரி இங்க வந்து ஒரு பக்கம் படிச்சாப் போதும். நான் எடுத்துட்டுப் போறேன்."

"அதுல ஒண்ணுமில்ல. ஓநாய்க் கதை."

"நரிக் கதை," என்றாள். "படிச்சிட்டேன்."

எப்போது என்று நான் கேட்கவில்லை. எவ்வளவு தூரம் என்றும் கேட்கவில்லை. ஒரு பக்கம் பாக்கியிருக்கிறது, கொஞ்சம் பொறு என்றேன். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறாள், நான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

"அப்பாகிட்ட நான் பேசறேன் மாமா."

"பேசு."

"கோட்டையக் குடுக்கச் சொல்லி தினமும் கேப்பேன்."

"ஏழு வருஷமும் கேளு," என்றேன் விளையாட்டாக. அவள் அழ ஆரம்பித்தாள். இங்கே வந்த நாளிலிருந்து இதுதான் முதல்முறை. வேடிக்கை எப்போதும் சரியாக வருவதில்லை.

ஜன்னலில் முழங்கைகளை வைத்துப் பார்த்தேன். அந்தப் பள்ளங்கள் என் கைக்குக் கொஞ்சம் சின்னவை.

இங்கே இனி நான் ஊக் பிரபுவின் பேரன். கேட்கிறவர்களுக்கெல்லாம் அவரைப் பற்றிச் சொல்லவேண்டும், ஒருமுறை சொன்னதை மறுமுறை மாற்றாமல் சொல்லவேண்டும். அது எனக்குப் பழக்கமில்லாத வேலை. அதனால் மற்றதை இந்தப் பக்கத்தில் எழுதி இவளிடம் கொடுத்தனுப்புகிறேன்.

என் அம்மா பெயர் கயானே. சேவ்காருக்குக் கீழே உள்ள ஊரில் தேனீ வளர்த்த ஒருவரின் மகள். கண்கள் கறுப்பு. கைகளில் எப்போதும் புகைவாசனையும் மெழுகுவாசனையும் இருக்கும். இடது கட்டைவிரலில் நகம் இல்லை. கடலையும் பார்த்ததில்லை, ஒரு பிராங்கையும் பார்த்ததில்லை. சாகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை, தண்ணீர் கேட்டாள். நான் கொண்டுவருவதற்குள் போய்விட்டாள்.

இதில் எதையும் கழிக்க வேண்டாம்.